நாகேஸ் மாமியின் தும்புக் கயிறு

"ஒரு மனிசன் தனக்கு வந்த கடிதங்கள ஏன் இப்பிடிக் கட்டி வெக்கணும், தங்கச்சி? உங்களுக்கு ஏதும் விளங்குதா?"

பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வந்த மக்கீன் சேர் என்னிடம் இப்படிக் கேட்டார்.  வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் இருவரும் நிலத்தில் உட்கார்ந்திருந்தோம். கீழே ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி நடுங்கியது. எங்களைச் சுற்றிக் கடிதக் கட்டுகள். சில கட்டுகள் வேட்டிக் கரையால் கட்டப்பட்டிருந்தன. பழைய வேட்டிகளிலிருந்து கிழித்த பச்சைக் கரை, சிவப்புக் கரை, மாம்பழ நிறக் கரை. சில கட்டுகள் வெள்ளை நூலால். மிச்சமெல்லாம் தேங்காய் நாரில் திரித்த தும்புக் கயிற்றால், வேலிக்குத் தென்னோலைக் கிடுகு கட்டுவதுபோல இறுக்கி முடிந்திருந்தன.

அவை பேராசிரியர் இராசரத்தினத்தின் கடிதங்கள். அவர் சரித்திரம் எழுதியவர், பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவையே நடத்தியவர். போன வருடம் ஐப்பசியில் காலமானார். அவருடைய கடதாசிகள் எல்லாவற்றையும் நூலகத்தில் வைத்துக் காக்கப்போவதாகப் பல்கலைக்கழகம் சொன்னது. அவற்றைப் பார்த்துப் பதிந்து எடுத்துப்போகவே மக்கீன் சேரை அனுப்பியிருந்தார்கள். நாங்கள் பேராசிரியரின் அந்த வீட்டின் முன்பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பம். நான் பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் சும்மா இருந்தேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஹமீமாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவதை ஜன்னலால் பார்ப்பேன். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன். ஆகவே மக்கீன் சேர் "லேபிள் எழுத ஆராவது ஈக்குறாங்களா?" என்று கேட்டதும் நான் மேலே ஓடிவிட்டேன்.

ஆனால் இது என்னுடைய கதையல்ல. பேராசிரியருடைய கதையுமல்ல. அவருடைய தங்கை நாகேஸ்வரியின் கதை. நான் அவரை நாகேஸ் மாமி என்று கூப்பிடுவேன்.

நாகேஸ் மாமிக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், வகுப்பில் எப்போதும் முதலாவது. அண்ணன் லண்டனுக்குப் போனார். அண்ணன் திரும்பி வந்து கொழும்பில் உத்தியோகம் எடுத்ததும் அவருக்குச் சமைத்துக் கொடுக்கத் தங்கையை ரயிலேற்றினார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்களாம். இடையில் மலாயாவில் வேலை பார்த்த ஒருவரைப் பேசினார்கள். "இந்தப் புத்தகம் முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்றார் அண்ணன். புத்தகம் முடிந்தபோது மலாயா மாப்பிள்ளைக்கு இரண்டு பிள்ளைகள்.

இதைக் கேட்டுவிட்டு அவரை ஒரு பாவமான மனுஷி என்று நினைத்துவிட வேண்டாம். மாமி பெரிய பொறாமைக்காரி. எங்கள் அம்மாவின் பிட்டு தன்னுடையதைவிட மெத்தென்று இருந்த குற்றத்துக்காக ஒரு கிழமை அம்மாவோடு கதைக்கவில்லை. பக்கத்து வீட்டு லுத்பியா ராத்தா நோன்புக் கஞ்சி அனுப்பினால் முழுவதையும் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பார், யாரோ செத்த செய்தியைச் சொல்வதுபோல. எதிர்வீட்டில் ரேடியோ வாங்கியபோது, "அதுக்குத் தொண்டை சரியில்லை" என்றார். நான் ஹமீமாவைப் பற்றிப் புலம்பியபோது மாமி மட்டும்தான் எனக்குப் புத்தி சொல்லவில்லை. "எரியுதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எரியட்டும். அணைக்கப் போகாதை, புகைதான் வரும்" என்றார்.

பேராசிரியர் கடதாசிகளை எங்கே வைத்தார் என்று கேட்டால், கைபட்ட இடமெல்லாம் வைத்தார். கட்டிலில், தொப்பிக்குள், ஒருமுறை அரிசிப் பானை மூடியின்மேல். பின்னேரம் மாமி வீடு முழுக்கப் பொறுக்கிக்கொண்டு வருவார். பிறகு மேலேயிருந்து சத்தம் கேட்கும்: "நாகேஸ்! அந்த மட்டக்களப்பு ஆளின்ர கடிதம்!" மாமி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி படியேறிப் போய் உடனே எடுத்துக் கொடுப்பார். பேராசிரியர் தானாக ஒரு கடிதத்தைத் தேடி எடுத்ததை நான் கண்டதில்லை. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபோது சனமெல்லாம் சட்டி பானையோடு யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. மாமியும் போனார், தேயிலைப் பெட்டிகளில் இந்தக் கட்டுகளை அடைத்துக்கொண்டு. அங்கே சொந்தக்காரர்கள் பெட்டிகளைக் கண்டு, கொழும்புச் சாமான் என்று ஆசையோடு திறந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார்களாம். இப்போதும் அதைச் சொல்லி மாமி சிரிப்பார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் மக்கீன் சேர் கேட்ட அன்று நான் பதில் சொல்லாமல் முழித்தேன். கட்டுகளைக் கட்டியது மாமிதான் என்று நான் யோசிக்கவேயில்லை. ஏன் யோசிக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பேராசிரியர் மாடியில் பேராசிரியர் பெயருக்கு வந்த கடிதங்கள், பேராசிரியர்தானே கட்டியிருப்பார் என்று மக்கீன் சேர் நினைத்ததுபோலவே நானும் நினைத்தேன்.

மக்கீன் சேர் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவார். மெலிந்த மனிதர், வெள்ளைக் காற்சட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஏலக்காய். தேத்தண்ணி குடித்தால் கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுவந்து வைப்பார். இறந்தவர்களின் கடதாசிகளைக் கையாளும் தன் வேலையில் முதல் பாடம் இது என்று எனக்குச் சொன்னார்: "மௌத்தானவர் வெச்ச ஒழுங்கக் கலைக்கக் கூடாது. அவர் எத எதோட சேத்து வெச்சார் எண்டு பாத்தா, அவர்ர மனசு தெரியும். கலைச்சா அது போச்சு."

ஆகவே அவர் ஒரு கட்டையும் அவிழ்க்காமல், பக்கவாட்டில் விலக்கிப் பார்த்து எழுதிக்கொண்டே போனார். வேட்டிக் கரைக் கட்டுகளில் சின்ன ஆட்கள்: மட்டக்களப்பு வாத்தியார் ஒருவர், ஒரு தபால் அதிபர், கொட்டாஞ்சேனை அச்சகக்கார இப்றாஹிம். "இவர் எங்கட தெருதான்!" என்று மக்கீன் சேர் மகிழ்ந்தார். வெள்ளை நூலில் அரசாங்கக் கச்சேரிக்காரரும் கந்தோர்க்காரரும். தும்புக் கயிற்றில்தான் பெரிய தலைகள்: லண்டன் பேராசிரியர்கள், தேசாதிபதியின் காரியதரிசி, சட்டசபை ஆட்கள். அவர்களோடு, எல்லாவற்றிலும் தடித்த கட்டாக, மிஸ் அருந்ததியின் கடிதங்கள்.

மிஸ் அருந்ததி பேராசிரியரிடம் படித்து, பிறகு அவரோடு சேர்ந்து படிப்பித்தவர். கட்டுகளைப் பார்க்க மக்கீன் சேர் அவரைக் கூட்டிவந்தார். அவர் தும்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மிஸ்டர் மக்கீன், இது சும்மா கட்டில்லை. இது சேரின்ர சிஸ்டம். பாருங்கோ, வேட்டிக் கரை சாதாரண சனத்துக்கு. நூல் அரசாங்கத்துக்கு. தும்பு... தும்பு முரடு. முடியாத ஆராய்ச்சி, இன்னும் திரிக்கவேண்டிய கயிறு. தன்ர மனசுக்குக் கிட்ட இருந்ததை எல்லாம் சேர் தும்பிலை கட்டியிருக்கிறார்." சற்று நிறுத்தி, மெதுவாக, "என்னையும்" என்றார்.

மக்கீன் சேர் எழுதிக்கொண்டார். பேராசிரியர் பெயரில் ஓர் அறை திறப்பார்கள் என்றும், கட்டுகளை இப்படியே கண்ணாடிக்குள் வைத்து 'இராசரத்தினம் வகுத்த முறை' என்று பலகை எழுதுவார்கள் என்றும், தான் அதைப் பற்றிக் கட்டுரை எழுதப்போவதாகவும் மிஸ் அருந்ததி சொன்னார்.

தேத்தண்ணித் தட்டோடு மாமி வாசலில் நின்றார். தட்டு அசையவில்லை. மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

அவர்கள் போனபிறகு நான் குசினிக்குப் போனேன். மாமி பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். வழமையைவிடப் பலமாக வெட்டினார்.

"கேட்டனியோ பிள்ளை? சிஸ்டமாம்."

"பேராசிரியர் அவ்வளவு யோசிச்சுத்தான் கட்டினவரோ, மாமி?"

கத்தி நின்றது. "அண்ணைக்குச் சப்பாத்துக் கயிறு கட்டத் தெரியாது. கட்டினது நான்."

"அப்ப கரை, நூல், தும்பு?"

மாமி செதிலைத் தட்டிவிட்டுச் சொன்னார். கடிதத்தில் "தங்கச்சி சுகமோ?" என்று கேட்டவர்களுக்கும், வீட்டுக்கு வந்தால் குசினிப் பக்கம் தலையை நீட்டி ஒரு சொல் கதைத்தவர்களுக்கும் வேட்டிக் கரை. இப்றாஹிம் ஒவ்வொரு கடிதத்திலும் மாமியின் இருமலை விசாரிப்பாராம். வந்து, தின்று, போனவர்களுக்கு நூல். அண்ணனைப் பிடுங்கிக்கொண்டு போனவர்களுக்கும், மாமி என்று ஓர் ஆள் அந்த வீட்டில் இருப்பதே தெரியாதவர்களுக்கும் தும்பு.

"எரிச்சலிலை கட்டினனான்" என்றார். "இறுக்கிக் கட்டினால் கொஞ்சம் ஆறும். ஆனா எது எங்கை எண்டு எனக்கு மறக்காது. கோவம் வந்த ஆள் மறக்குமோ?"

"மலாயாக் கடிதம் எந்தக் கட்டிலை?"

"அது அடுப்பிலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமிக்கு வரவில்லை.

"மிஸ்ஸுக்குச் சொல்லிப்போடுங்கோ, மாமி. கட்டினது நீங்கள் எண்டு."

"சொன்னால் என்ன நடக்கும்? ஏன் இப்பிடிக் கட்டினனி எண்டு கேப்பினம். என்ர வயித்தெரிச்சலை அவளுக்கு முன்னாலை விரிச்சு வைக்கவேணும். பிறகு, இது பெரியவரின்ர முறை இல்லை எண்டு எல்லாத்தையும் குலைச்சுப்போடுவினம். சொல்லாமல் விட்டால் நான் கட்டினது கட்டினபடி கண்ணாடிக்குள்ளை நூறு வருசம் கிடக்கும்." மாமி மீன் தலையை என் பக்கம் திருப்பி வைத்தார். "அண்ணையின்ர பேரிலை."

அந்தக் கிழமை முழுவதும் மாமி இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து வெந்தார். ஒரு நாள், "கிடக்கட்டும், நல்ல இடத்திலைதானே இருக்கப்போகுது" என்பார். மறுநாள் தோசையைப் புரட்டிக்கொண்டே, "வகுத்த முறையாம்! அந்த மனிசன் தன்ர பல்லை எங்கை கழட்டி வைச்சனெண்டு என்னட்டைக் கேட்டவர்" என்பார். செத்துப்போன அண்ணன்மேல் யாராவது இவ்வளவு பொறாமைப்படுவார்களா என்று அம்மா கேட்டார்.  ஹமீமா செத்துப்போனால் என்னுடையது தீருமா என்று யோசித்துப் பார்த்தேன். தீராது என்றுதான் பட்டது. அந்த நினைப்பு எனக்கே பயமாக இருந்தது.

கடதாசிகளை ஏற்ற லொறி வந்த காலையில் மிஸ் அருந்ததியும் வந்தார். பலகை வாசகத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் எல்லாரையும் வீட்டு மண்டபத்தில் வைத்து உரத்து வாசித்தார். "தமது சிந்தனையின் ஒழுங்கைத் தமது கைகளாலேயே முடிந்து வைத்த பேராசிரியர் இராசரத்தினம் அவர்கள்..."

"கைகளாலேயே" என்ற இடத்தில் மாமி வாய் திறந்தார்.

"அது என்ர கை."

மிஸ் அருந்ததி தாளிலிருந்து நிமிர்ந்தார். "என்ன சொன்னனீங்கள்?"

"கட்டினது நான். அண்ணை முடிச்சுப் போட்டால் அவிழ்ந்துபோகும். நீங்கள் அவிழ்த்துப் பாருங்கோ, அவிழாது."

மக்கீன் சேர் பேனையை மூடினார். "அப்ப அக்கா, எது எந்தக் கட்டுல போகணும் எண்டு செல்லித் தந்தது சேர்தானே?"

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லை." மாமி எல்லாவற்றையும் சொன்னார். குசினியில் எனக்குச் சொன்னதைவிடக் கூடவே சொன்னார். யார் மூன்றாம் முறை சோறு கேட்டது, யார் அவரை வேலைக்காரி என்று நினைத்துக் குடையை நீட்டியது எல்லாம். லொறிக்காரன்கூட வாசலில் நின்று கேட்டான்.

மிஸ் அருந்ததியின் கையில் அந்தத் தடித்த கட்டு இருந்தது. அதைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "அப்ப இது... நான் என்ன செய்தனான் உங்களுக்கு?"

"ஒண்டும் செய்யேல்லை. ஞாயிற்றுக்கிழமையெண்டால் வருவீர். நீரும் அண்ணையும் கதைப்பியள். ராசாக்கள், சண்டை, ஒல்லாந்தர். நான் கறி வைச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பன். எல்லாம் எனக்கும் விளங்கினது, பிள்ளை. ஒருநாள் எண்டாலும் ஒருத்தர் திரும்பி, 'நாகேஸ், நீ என்ன நினைக்கிறாய்?' எண்டு கேட்டதில்லை. 'சோறு ஆச்சோ?' எண்டுதான் கேட்டவை."

 மிஸ் அருந்ததி கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கட்டை மேசையில் வைத்துவிட்டு, கொஞ்சம் அடங்கிய குரலில் கேட்டார்: "மட்டக்களப்பு வாத்தியாருக்கும் வேட்டிக் கரையோ?"

"ஓம்."

"அந்த மனிசன் ரெண்டு கடிதம்தானே எழுதினவர்!"

"ரெண்டிலும் கேட்டவர்."

மிஸ் அருந்ததியின் மூக்கும் சிவந்ததை அப்போது கண்டேன். மக்கீன் சேர் சங்கடத்தைத் தீர்க்க நினைத்தாரோ, உண்மையாகவே அறிய ஆசைப்பட்டாரோ, "நான் போன மாசம் இந்த வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டனே. அது எதுல போகும், அக்கா?" என்றார்.

மாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "கோப்பையைக் கொண்டந்து வைச்சனீர். கரை."

மக்கீன் சேர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டார். மிஸ் அருந்ததியைப் பார்த்தார். மிஸ் அருந்ததி தாளை இரண்டாக மடித்து, இன்னும் ஒருமுறை மடித்து, கைப்பைக்குள் வைத்தார். "அப்ப இதுக்கு முறை எண்டு ஒண்டும் இல்லை. வருச ஒழுங்கிலை அடுக்குங்கோ."

"அக்கா, கோவிக்க வாணாம்" என்றார் மக்கீன் சேர். "சேர் வெச்ச ஒழுங்கெண்டா அதக் காப்பாத்த எனக்குச் சட்டம் ஈக்குது. வீட்டு ஆக்கள் வெச்சதுக்கு இல்ல."

"தெரியும்" என்றார் மாமி. "குலையுங்கோ."

முடிச்சுகள் கையால் அவிழவில்லை. மாமி சொன்னது உண்மைதான். நான் குசினியிலிருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்துவர வேண்டியிருந்தது. தும்பை மக்கீன் சேர் வெட்டினார். வேட்டிக் கரைகளை மட்டும் வெட்டவிடாமல் மாமியே உட்கார்ந்து பல்லால் கடித்து இளக்கி அவிழ்த்தார். மட்டக்களப்பு வாத்தியாரும் லண்டன் பேராசிரியரும் இப்றாஹிமும் மிஸ் அருந்ததியும் ஒரே குவியலில் விழுந்தார்கள். வருடம் வருடமாகப் பிரித்து மட்டைப் பெட்டிகளில் போட்டார்கள். லேபிள்களை நான்தான் எழுதினேன். லொறி காலி வீதி என்ற பெருந்தெருவுக்கு ஏறியதும் மாமி நிலத்தில் கிடந்த கரைகளையெல்லாம் பொறுக்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தும்புத் துண்டுகளைப் பெருக்கித் தள்ளினார்.

"கவலையோ மாமி?" என்று கேட்டேன்.

"எனக்குக் கிடைக்கேல்லை" என்றார். கடைசித் துண்டையும் தள்ளிவிட்டு, "அண்ணைக்கும் கிடைக்கேல்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததைக் கவலை என்று என்னால் எழுத முடியாது.

நூலகத்தில் அந்த அறையை இந்த ஆனியில் திறந்தார்கள். ஹமீமா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பெட்டிகள் அழகாக வரிசையில் இருக்கின்றனவாம். லேபிள் எழுத்து யாருடையது என்று தனக்கு உடனே தெரிந்ததாம். அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அவளுக்குக் கொஞ்சம் எரிந்திருக்க வேண்டும். மாமியின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

மக்கீன் சேர் மட்டும் இப்போதும் சில சனிக்கிழமைகளில் வருகிறார். குசினிக் கதவடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஒல்லாந்தர் காலத்து வழக்கொன்றைப் பற்றி மாமியிடம் கேட்கிறார். மாமி முதலில், "எனக்கென்ன தெரியும்?" என்கிறார். பிறகு மீன் கருகும்வரை கதைக்கிறார்.

இதை எழுதி முடித்து மாமிக்கு வாசித்துக் காட்டினேன். பிட்டுக் கதையை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. "அப்ப என்ர பேரையெண்டாலும் முழுசாப் போடு" என்றார். அவர் பெயர் வேலாயுதர் நாகேஸ்வரி.

கண்ணாடிக்குள் போயிருக்கவேண்டிய அவருடைய ஒழுங்கு இப்போது எங்கேயும் இல்லை. அது எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் அன்று அங்கே நின்ற நாங்கள் சில பேர்தான். இப்போது இதை வாசித்த நீங்களும். ஆகவே ஓர் உதவி கேட்கிறேன். இதை உங்களுக்குள் வைத்திருக்க வேண்டாம். யாருக்காவது சொல்லுங்கள். அந்த அறைக்குப் போகிறவர் எவராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், கட்டாயம் அவருக்குச் சொல்லுங்கள்: இந்தக் கடிதங்கள் ஒரு காலத்தில் வேட்டிக் கரையாலும் நூலாலும் தும்பாலும் கட்டப்பட்டிருந்தன, கட்டியவர் இன்னார் என்று. சொல்லும்போது அவருடைய முழுப் பெயரையும் சொல்லுங்கள்.